பெட்டியின் அடி தெரிந்தால் அழைப்பு

பாதிரியாருக்குக் கடல் தாண்டி ஊழியம் செய்ய அடுத்த தேவ அழைப்பு எப்போது வரும் என்று கேட்டால், அவர் மனைவி தேதியே சொல்லிவிடுவாள். ஆங்கிலிக்கன் சபையில் குருப்பட்டம் வாங்கிய புதிதில் மனிதர் மூன்று வருடத்துக்குப் பிரசங்கம் எழுதித் தகரப் பெட்டியில் அடுக்கினார். அதோடு சரி, அப்புறம் பேனாவைத் தொடவே இல்லை. பெட்டியின் அடி தெரியும்போதெல்லாம் ஆண்டவர் கூப்பிடுவார். பேராயருக்குக் கடிதம் பறக்கும். புது நாடு, புது சபை, அதே பிரசங்கம். இப்படியே நான்கு நாடு ஆயிற்று.

அவள் நர்ஸ். போகிற நாட்டிலெல்லாம் பரீட்சையை முதலிலிருந்து எழுதித் தொலைப்பாள். உரிமம் கைக்கு வரும், இவர் மூட்டை கட்டச் சொல்வார். இந்த ஐந்தாவது நாட்டில்தான் பிரசவ வார்டுக்குத் தலைமை நர்ஸாகப் போட்டிருந்தார்கள். திங்கட்கிழமை பொறுப்பேற்க வேண்டும்.

சனிக்கிழமை அவர் பெட்டியைத் துழாவிவிட்டு, "ஏம்மா, மனசுல ஏதோ அழைப்பு மாதிரி..." என்று இழுத்தார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பெட்டியில எத்தனை பாக்கி?"

"ஒண்ணே ஒண்ணு."

அவர் குளிக்கப் போனதும் அந்த ஒன்றை ஒளித்து வைத்தாள். படித்து முடித்தவை அலமாரிமேல் கட்டாகக் கிடந்தன. அடியில் இருந்ததை உருவி அவர் பைபிளுக்குள் செருகினாள். காது கொடுத்துக் கேட்கிறவன் இருந்தால்தானே கண்டுபிடிப்பான்! திரும்ப முதலிலிருந்து படித்துக்கொண்டு இங்கேயே கிடக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கணீரென்று ஆரம்பித்தார்: "பிரியமானவர்களே, உங்கள் மத்தியில் இன்றுதான் வந்து சேர்ந்த அடியேன்..."

போச்சுடா! அவள் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். ஒருத்தர்கூடப் புருவம் தூக்கவில்லை. பாடகர் குழுவிலிருந்து குறட்டை சுருதி பிசகாமல் வந்துகொண்டிருந்தது. படிக்கிறவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆராதனை முடிந்து வாசலில் நின்றவரின் கையை, மூன்று வருடமாக முதல் வரிசையில் உட்காரும் ரிட்டையர்டு டீச்சர் பிடித்துக்கொண்டார்.

"வாங்க ஐயா, வாங்க! உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் இருந்தாரே, அப்பப்பா, சரியான அறுவை! நீங்களாவது எங்களை விட்டுட்டு ஓடிடாதீங்க."

வீட்டுக் கதவைத் திறந்ததும் அவர் தொண்டையைச் செருமினார்.

"அந்த அழைப்பு ராங் நம்பர் போல இருக்கும்மா. வீட்ல பேனா ஏதாவது இருக்கா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆணியில் மாட்டியிருந்த சீருடையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள்.

"காலைல ஆறு மணிக்குள்ள திருப்பிக் குடுத்துடுங்க. டூட்டிக்கு வேணும்."