மருந்து கலக்காத தண்ணீர்

லாம்ப்ரோஸ் மருந்துப் பொட்டலத்தின் ஓரத்தைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தபோது, கறுப்பு உடையில் ஸ்டமாதா கோழிக் கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"அதைக் கொட்டாத, லாம்ப்ரோ."

"குஞ்செல்லாம் இருமுது அண்ணி. காலையில மட்டும் பதினொண்ணு செத்துக் கெடந்துச்சு. நீங்க கோயிலுக்குக் கெளம்புங்க, பத்து மணிக்கு அண்ணன் உடம்பைக் கொண்டாந்துருவாங்க."

"கோழி டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"செத்ததை அறுத்துப் பாத்துட்டு, நோயில்ல, தரையில கெடக்குற ஈர உமியோட நெடிதான்னாங்க. காத்து விடணுமாம், காஞ்ச உமி போடணுமாம். எதுக்கும் இதையும் கலந்து வுட்டா என்ன? இத்தனை வருசமா நீங்கதானே கலந்தீங்க."

அவன் குத்திக்காட்டவில்லை, உள்ளதைத்தான் சொன்னான். இருபத்தாறு வருடமாக, குஞ்சு வந்து இறங்கும் அன்றே, நோய் எதுவும் தெரியும் முன்பே, தொட்டியில் மருந்து கலந்தவள் அவள்தான். அவள் புருஷன் கோஸ்மாஸ் தீவனத்தைப் பார்த்துக்கொள்வான். தண்ணீர் அவள் பொறுப்பு.

கம்பி கீறியதில் அவன் காலில் வந்த புண் ஐந்தாவது மருந்துக்கும் அடங்கவில்லை. யானினா ஆஸ்பத்திரி டாக்டர், "கோழிகளுக்கு மருந்து குடுப்பீங்களா?" என்று கேட்டார். மருந்துக்குப் பழகிப்போன கிருமி கொட்டகையிலிருந்துதான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அவள் வாயைத் திறக்கும் முன் படுக்கையிலிருந்து கோஸ்மாஸ், "நான்தான் கலக்கச் சொன்னேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றான்.

அவன் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

"அதைக் குடு" என்று கையை நீட்டினாள்.

"எல்லாம் செத்துப்போச்சுன்னா?"

"செத்தா நான் பொறுக்கிப் போடுறேன்."

லாம்ப்ரோஸ் பொட்டலத்தைக் கொடுத்தான். அவள் விசிறிகள் அத்தனையையும் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனாள்.

அங்கே பெண்கள் அழுதார்கள். அவளுக்கு வரவில்லை. பாதிரியார் காட்டியபடி மண் அள்ளிப் போட்டாள். பிறகு காப்பியும் பிராந்தியும் கொடுத்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து, "நீங்களாவது நல்லா இருக்கணும்" என்றார்கள். எல்லாருக்கும் தலையசைத்தாள். காப்பி ஆறிப்போனதும் எழுந்து வீட்டுக்கு நடந்தாள்.

கொட்டகையில் இருமல் குறைந்ததா என்று தெரியவில்லை. செருப்பை மட்டும் மாற்றிக்கொண்டு, ஈர உமியை வாரித் தள்ளிக் காய்ந்ததைப் பரப்பினாள். கொஞ்ச நேரத்தில் லாம்ப்ரோஸ் வந்தான். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அடுத்த உமி மூட்டையைப் பிரித்தான்.

நாலாவது வரிசையில் அவள் முட்டி போட்டு உட்கார்ந்தாள். புது உமியின் சூட்டுக்குக் குஞ்சுகள் நெருங்கி வந்தன. ஒன்று அவளுடைய கறுப்புப் பாவாடையின் ஓரத்தில் ஏறிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

"எந்திரிங்க அண்ணி, அந்தப் பக்கம் நான் போடுறேன்" என்றான் லாம்ப்ரோஸ்.

அவள் காலை நகர்த்தாமல் அப்படியே இருந்தாள்.