மேலிருந்து தெரியாதது

அப்பா டவர் கிரேன் ஓட்டுகிறார். உச்சியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து கம்பிக்கட்டுகளைத் தூக்கி இறக்குவார். கட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது அங்கிருந்து தெரியாது. தரையில் நிற்கும் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வாக்கி-டாக்கியில் சொல்லச் சொல்ல இறக்குவார். போன வாரம் அப்படி இறக்கியபோது ஒரு கொத்தனாரின் கால் முறிந்தது. விசாரிக்க வந்த அதிகாரிகள் அப்பாவின் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, நடந்ததை எழுதி எடுத்துவரச் சொல்லிவிட்டார்கள்.

எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. மாலை வகுப்பில் கதை எழுதப் படிக்கிறவள் நான்தானே. அரைகுறையாகச் செய்துவிடுவேனோ என்று எப்போதும் எனக்கு உதறல். அதனால் அங்கே நின்றிருந்த ஒவ்வொருவரையும் விசாரித்து, எல்லாவற்றையும் கோத்து, அப்பா சொல்வதாக எழுதினேன். 'கொத்தனார் தூணுக்குப் பின்னாலிருந்து குறுக்கே ஓடி வந்தார்.' மாமா அந்த நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சிலர் சொன்னதை மட்டும் விட்டுவிட்டேன். நேரில் பார்த்த மாதிரியே இருக்கிறது என்றாள் அம்மா. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இன்று மாலை வகுப்பில் பார்வைக்கோணம் பற்றிப் பாடம். கதை சொல்பவரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாதது கதைக்குள் வரக் கூடாது என்றார் ஆசிரியை. குறிப்பெடுத்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. கொத்தனார் ஓடி வந்ததை அப்பா பார்த்தார் என்றல்லவா எழுதியிருக்கிறேன்? பார்த்தவர் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டால், லைசென்ஸ் திரும்பி வராது.

வீட்டில் அப்பா நாளைய விசாரணைக்காக ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். காசு கட்டி இதைத்தான் படிக்கிறாயா என்று சிரித்தார். பிறகு தலை நிமிராமலே சொன்னார்:

"அப்படியே இருக்கட்டும் விடும்மா. நான் பார்க்கலைன்னா, யாரை நம்பி இறக்கினேன்னு கேப்பாங்க."

அம்மா காதில் விழாதவள்போலத் துணி மடித்தாள்.

எனக்கு மனம் கேட்கவில்லை. புதிய தாளில் எழுதினேன். 'கட்டுக்குக் கீழே இருப்பது என் அறையிலிருந்து தெரியாது. இறக்கலாம் என்று குரல் வந்தது. இறக்கினேன். அலறல் கேட்டது. நிறுத்தினேன்.' அவ்வளவுதான். இதையா எழுத்து என்பது என்று சந்தேகமாகவும் இருந்தது.

அப்பா படித்தார், கையெழுத்துப் போடவில்லை. "உன் தம்பியை வரச் சொல்லு. அவனுக்குத் தெரியாம இதைக் குடுக்க மாட்டேன்" என்று அம்மாவிடம் போனை நீட்டினார்.

மாமா வந்தார். நின்றபடியே படித்தார், மறுபடியும் படித்தார்.

"நான் போனைப் பார்த்துக்கிட்டிருந்தேன்னு உங்க காதுக்கு வந்திருக்கும்ல அத்தான்? அதை ஏன் எழுதலை?"

"மேலேருந்து அது தெரியாதுடா."

மாமா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு என்னிடம் ஒரு தாள் கேட்டார். பழக்க தோஷம், நானே எழுதித் தரட்டுமா என்று கேட்டுவிட்டேன்.

"வேணாம் தாயே. நீ எழுதினா ரொம்ப நல்லா வந்துடும்."

அம்மா மடித்த துணிகளை மேசையிலிருந்து எடுத்து, அவர் எழுத இடம் விட்டாள்.