செடியோடு தங்கிவிட்ட நிழல்

அசேலியாச் செடி நட்ட வருஷத்துக் கோடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கொத்தனார் தன் நிழலைக் கொல்லையிலேயே விட்டுவிட்டுக் காபி குடிக்க உள்ளே வந்தார். அவர் மனைவி தையல்காரம்மா அதைக் கவனித்தாள். காபி ஆறிக்கொண்டிருந்ததாலும், காலையிலிருந்து அவரோடு மல்லுக்கட்டி அலுத்துப்போயிருந்ததாலும் டம்ளரை மட்டும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

கொத்தனாருக்கு வெறும் மண்ணைக் கண்டால் கை அரிக்கும். கல்யாணமான புதிதில் வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் மண்தான் இருந்தது. முதலில் முன்பக்கம் சிமெண்டுத் தளம் போட்டார், செருப்பில் சேறு ஒட்டுகிறதாம். பிறகு பக்கத்துச் சந்துக்குப் போட்டார், துணி துவைக்க வசதியாம். மகள் பிறந்த வருஷம் யாரும் உட்காராத ஒரு மேடை, அவள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் எங்கேயும் போய்ச் சேராத மூன்று படிகள். மகள் கல்யாணமாகிப் போனதும் கொல்லையில் நின்ற ஒரே மரத்தைச் சுற்றுச்சுவருக்கு இடைஞ்சல் என்று வெட்டிப் போட்டார். கடைசியில் மிஞ்சியது ஒரு கதவைப் படுக்கவைத்த அளவு மண். அதிலும் தண்ணீர்த்தொட்டி கட்டப்போவதாகச் சொன்ன அன்று தையல்காரம்மா கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கத்திய கத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. முடிவில் இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். ஒரு வருஷம் அவளுக்கு. அதற்குள் அந்த மண்ணில் அவள் நடுகிற செடி பூத்தால் இடம் அவளுடையது. பூக்காவிட்டால் தொட்டி.

அவள் அசேலியாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், வேர் சுவரை வெடிக்க வைக்கும் என்று கொத்தனார் சாக்குச் சொல்ல முடியாது என்பதுதான். "முழங்காலுக்கு மேல வளராதும்மா, வருஷம் பூரா பச்சையாவே இருக்கும்" என்றார் நர்சரிக்காரர். "ஆனா கொஞ்சம் வீம்பு புடிச்சது. மண்ணு புளிப்பா இருக்கணும். காலை வெயில் போதும், மத்தியானம் நிழல் வேணும். குழாய்த் தண்ணி ஆகாது, மழைத் தண்ணியப் புடிச்சு வெச்சு ஊத்துங்க." வீம்பு தனக்குப் பழக்கம்தான் என்று சொல்லி அவள் செடியை வாங்கி வந்தாள். மக்கிய இலையும் ஊசியிலைச் சருகும் மூட்டை கட்டிக் கொண்டுவந்து போட்டாள். மழைக்காகத் தாழ்வாரத்தில் வாளிகளை வரிசையாக வைத்தாள்.

ஒரு மாதம் கழித்து இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. விசாரித்ததில், எறும்பு ஏறுகிறதே என்ற நல்லெண்ணத்தில் கொத்தனார் செடியைச் சுற்றி இரண்டு கை சுண்ணாம்புத் தூளைத் தூவியிருந்தார். அவர் தொழிலில் சுண்ணாம்புக்குக் கட்டுப்படாத வியாதி கிடையாது. மண்ணின் புளிப்பையே முறித்துவிட்டாரே என்று தையல்காரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அந்தச் செடிக்கு வேர் மேலாகவே ஓடும் என்பதால் மண்வெட்டியைத் தொடாமல், வெறும் விரலால் சுண்ணாம்பு மண்ணையெல்லாம் சுரண்டி எடுத்துப் புது மண் போட்டாள். செடி பிழைத்தது. உடனே கோடை வந்து, மத்தியான வெயிலில் இலைகளின் ஓரம் கருக ஆரம்பித்தது.

"மரத்த வெட்டினது நீங்கதானே? அது நின்ன எடத்துல நீங்களே போய் நில்லுங்க" என்றாள். சுண்ணாம்புக் குற்றம் இன்னும் ஆறாமல் இருந்ததால் கொத்தனார் போய் நின்றார். வெயில் தாழும்வரை முணுமுணுத்துக்கொண்டே நின்றார். காபிக்குக் கூப்பிட்டபோது அவர் மட்டும் வந்தார்.

மறுநாள் நிழல் இல்லாமல் வேலைக்குப் போனார். சுவரில் ஆள் நிழல் விழாததால் பூச்சு வேலை இன்னும் சுத்தமாக வருகிறது என்று மேஸ்திரிக்கு ஏக சந்தோஷம். வீட்டில் நிழல் தன் பாட்டுக்கு வேலை பார்த்தது. காலையில் சுவரோரம் ஒதுங்கி நிற்கும், உச்சி சாய்ந்ததும் வந்து செடியின் மேல் குனிந்துகொள்ளும். அதிலும் தையல்காரம்மாவுக்கு எரிச்சல்தான். இத்தனை வருஷம் ஒரு நாள் வீட்டில் தங்காத மனுஷன் இப்போது பகலெல்லாம் ஜன்னலுக்கு வெளியே நின்று அவள் தைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்?

வருஷம் முடிந்தது. மொட்டுகள் கிளைக்குக் கிளை புடைத்திருந்தன, ஒன்றுகூட விரியவில்லை. இன்னும் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லிப் பார்த்தாள். பேச்சு பேச்சுதான் என்று கொத்தனார் விடிந்ததும் கலவையைக் குழைத்து, சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து செடியின் முன்னால் நின்றார். நிழல் சுவரோரத்திலிருந்து வந்து அவர் காலடியில் ஒட்டிக்கொண்டு, இரண்டு கையையும் மேலே தூக்கியது. அவர் கையும் சட்டியோடு மேலே போனது. அதற்குப் பிறகு நிழலின் கை இறங்கவில்லை, அதனால் அவர் கையும் இறங்கவில்லை.

"ஏய், எறக்கு!" என்று காலடியைப் பார்த்து அதட்டினார். பிறகு மனைவியைப் பார்த்தார். "நீயாவது சொல்லேன். அது உன் பேச்சத்தான் கேக்குது."

"இத்தனை வருஷத்துல உங்கள்ல பாதியாவது கேட்டுச்சே" என்றாள் தையல்காரம்மா. சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கலவை இறுகிச் சட்டியும் பாழாகும்வரை கொத்தனார் அப்படியே நின்றார். அதன் பிறகே நிழல் கையைத் தொங்கவிட்டு, அவர் காலை விட்டு விலகிச் செடிக்குத் திரும்பியது. அந்த வாரமே அசேலியா இலை தெரியாமல் பூத்தது. பரவாயில்லை என்றார் கொத்தனார். தொட்டி மொட்டைமாடிக்குப் போனது.

அதற்குப் பிறகு செடி வருஷா வருஷம் பூத்தது. கொத்தனாருக்கு முழங்கால் வலி வந்து வேலையை விட்டார். கொல்லையில் நாற்காலி போட்டு, நிழலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது வழக்கமாயிற்று. ஒரு நாள் காலையில் மழைத் தண்ணீர் ஊற்ற வந்த தையல்காரம்மா ஒரு பக்கத்து மொட்டுகள் சிறுத்திருப்பதைப் பார்த்துச் சலித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் தள்ளித்தான் நின்னா என்ன? வெயில மறைக்குதுல்ல?"

நிழல் தள்ளி நின்றது. பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், வெயிலை மறைக்கவே முடியாத கொத்தனாரும் தன் நாற்காலியைத் தூக்கிக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.