ஒரு விரல் குறைந்த குதிரை

குதிரை செய்யச் சொல்லி வந்த வக்கீல், குதிரையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசினார். லாயத்தின் கதவு எந்தப் பக்கம் திறக்கும், வைக்கோல் என்ன நிறம், செத்துப்போன பயிற்சியாளர் எந்த இடத்தில் நின்றார், விசாரணை எந்தத் தேதி என்று ஒன்று விடவில்லை. குதிரை என்றதும் மட்டும், "அது ஒரு பழுப்புக் குதிரைம்மா, உங்களுக்குத் தெரியாததா?" என்று கையை வீசிவிட்டார். மாடல்காரம்மாவுக்கு அப்போதே சுருக்கென்றது. குதிரையை இவ்வளவு லேசாக நினைக்கிறவர்கள்தான் எல்லாம் முடிந்த பிறகு வந்து, காது சரியில்லை வால் சரியில்லை என்று உயிரை வாங்குவார்கள்.

கட்டடம் கட்டுகிறவர்களுக்குக் குட்டி வீடுகளும், அருங்காட்சியகத்துக்குக் குட்டிப் போர்க்களங்களும் செய்துகொடுத்தே இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவள் அவள். தெருவில் எல்லோருக்கும் மாடல்காரம்மாதான். சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

நடந்தது ஊருக்கே தெரிந்த கதை. குதிரைச் சவாரிப் பள்ளியின் லாயத்தில் பயிற்சியாளர் நெற்றி பிளந்து கிடந்தார். கட்டியிருந்த குதிரை பின்னங்காலால் எட்டி உதைத்துவிட்டது என்று லாயத்தில் வேலை பார்த்தவன் சொன்னான். கண்ணால் பார்த்த சாட்சி அவன் ஒருத்தன்தான். மூன்றாம் நாளே குதிரைக்கு ஊசி போட்டுப் புதைத்தும்விட்டார்கள். இப்போது பள்ளியின் சார்பில் விசாரணை அதிகாரிக்கு முன்னால் வைத்துக் காட்ட லாயமும் மனிதனும் குதிரையுமாக ஒரு மாதிரி வேண்டும். ஒரு அடிக்கு ஒரு அங்குலம் கணக்கு.

அந்தச் சாட்சி மாடல்காரம்மாவின் கூடப்பிறந்த தம்பி. வக்கீல் அதைத் தெரிந்துகொண்டேதான் படியேறி வந்திருந்தார்.

"உங்க தம்பிக்கும் நல்லதுதானேம்மா," என்றார். "இப்படித்தான் உதைச்சுதுன்னு கண்ணெதிர்ல காட்டிட்டா அன்னிக்கே கேஸ் முடிஞ்சுடும். இல்லேன்னா அவனத்தான் நோண்டிக்கிட்டே இருப்பாங்க. பயிற்சியாளர் அவன எல்லார் முன்னாடியும் அறைஞ்சாரு, அடுத்த வாரமே செத்துட்டாருன்னு இப்பவே முணுமுணுக்கிறாங்க."

அறைந்த விஷயம் அவளுக்குத் தெரியும். தம்பியே சொல்லியிருந்தான், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பு அவளுக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை.

மறுநாள் காலையிலேயே வேலையைத் தொடங்கினாள். லாயம் சுலபமாக முடிந்தது. பிளைவுட் சுவர், தீக்குச்சி கனத்துக்கு மரச்சட்டம், சுவரில் குதிரையைக் கட்டுகிற இரும்பு வளையம். போலீஸ் படத்தில் வளையத்திலிருந்து கயிறு ஒன்றரை அடி என்று நாடா வைத்துக் காட்டியிருந்தார்கள். குதிரை கட்டிய கட்டிலேயே நின்றிருக்கிறது. எதிர்ப்பக்கக் கதவு நிலையில் ரத்தம் தெறித்த உயரத்தையும் குறித்திருந்தார்கள். அந்த இடத்தில் மனித பொம்மையை நிறுத்தினாள்.

பிறகு குதிரை. செம்புக் கம்பியை முறுக்கி எலும்புக்கூடு கட்டவேண்டும். அதற்கு உயரம் தெரிந்தால் போதும், மீதி அளவெல்லாம் அதிலிருந்து வந்துவிடும். குதிரையின் உயரத்தை உச்சந்தலை வரை அளக்கமாட்டார்கள். தலையை அது ஆட்டிக்கொண்டே இருக்கும். கழுத்து முடிந்து முதுகு தொடங்குகிற தோள்மேடு வரைதான் அளவு. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் கோட்டை விடுகிற இடம் இதுதான். வக்கீல் கொடுத்த காகிதக் கட்டில் மிருக வைத்தியரின் பதிவேட்டு நகல் இருந்தது. ஒன்பது வயது, ஆண், நெற்றியில் வெள்ளை, உயரம் நாலரை அடி. சின்னக் குதிரைதான், பிள்ளைகள் ஏறிப் பழகுவது.

கம்பிமேல் எபாக்சி மாவைப் பிசைந்து அப்பினாள். முன்னங்கால்களில் பாரத்தை ஏற்றி, தலையைத் தாழ்த்தி, ஒரு பின்னங்காலை முழுக்க நீட்டினாள். மாவு இறுகியதும் உப்புத்தாளில் தேய்த்து, பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் ஒருமுறை லாயத்துக்குள் வைத்துப் பார்த்தாள். கயிற்றை வளையத்தில் கட்டினாள்.

குளம்பு மனிதனின் நெற்றியைத் தொடவில்லை. நடுவில் அவளுடைய ஒரு விரல் நுழைந்தது.

"அடச்சே," என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். இத்தனை வருஷம் கழித்து அளவில் தப்பா? ஸ்டீல் ஸ்கேலை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். சுவர் சரி, கயிறு சரி, கதவு சரி. குதிரையை ஒதுக்கிவிட்டு, முதலிலிருந்து இன்னொன்று கட்டினாள். இந்த முறை காலை எவ்வளவு நீட்டலாமோ அவ்வளவு நீட்டினாள், இன்னும் இழுத்தால் இடுப்பு மூட்டு கழன்றுவிடும் என்கிற வரை. இரண்டு நாள் வேலை. மறுபடியும் அதே ஒரு விரல். மேஜைமேல் ஒரு விரல் என்றால் லாயத்துக்குள் முக்கால் அடி. முக்கால் அடி காற்று எந்த மண்டையையும் பிளக்காது.

லாயத்தின்மேல் துணியைப் போட்டு மூடினாள். பதிவேட்டில்தான் தப்பு இருக்கும், வைத்தியர் கைதவறி எழுதியிருப்பார் என்று மனசைத் தேற்றிக்கொண்டு தம்பிக்குப் போன் போட்டாள்.

சாயங்காலம் வந்தான். எப்போதும் போல வாசலிலேயே "அக்கா, பசிக்குது!" என்று குரல். எட்டு வயது இளையவன், அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். அவன் வந்தால் வீடு கலகலவென்று ஆகிவிடும். தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டான். அவள் ஜாடையாகக் கேட்டாள்.

"அந்தக் குதிரை எவ்ளோ உயரம்டா?"

"அஞ்சு அடி ரெண்டு அங்குலம்." தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அவளுக்கு உயிர் வந்தது. தலை வரைக்கும் சேர்த்துச் சொல்கிறான், பாவம், அவசரத்தில் சொல்கிறான். "தோள்மேடு வரைக்குமாடா? இல்ல தலையோடயா?"

"தலையோட யாராவது அளப்பாங்களா? பதினோரு வருஷமா குதிரை பாக்குறேன், என்கிட்டயே கேக்குறியே!" என்று சிரித்தான்.

தப்பித்துக்கொள்ள அவள் திறந்துவைத்த ஒரே கதவை அவனே சாத்திவிட்டான். குதிரைக்காரன் தன் சொந்த உயரத்தை மறந்தாலும் மறப்பான், தான் தினமும் தேய்த்துவிடுகிற குதிரையின் உயரத்தை மறக்கமாட்டான். சேணம், வார், போர்வை எல்லாமே அந்த அளவில்தான்.

"டாக்டர் பதிவுல நாலரைன்னு இருக்கே."

"அது குட்டியா இருந்தப்ப எழுதியிருப்பாரு."

பதிவேட்டின் தேதி போன மாதத்தது. அவள் அதைச் சொல்லவில்லை. அவன் கையை நக்கிக்கொண்டே எழுந்தான்.

"பெருசாவே செஞ்சுடுக்கா. அப்பத்தான் எட்டும்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டவில்லை என்று அவள் சொல்லவே இல்லை. லாயம் துணிக்கு அடியில் இருந்தது.

சின்ன வயதில் வீட்டில் எது உடைந்தாலும் "பூனை தட்டிவிட்டுடுச்சு" என்பான். அக்காவும் ஆமாம் போடுவாள். ஒருமுறை பக்கத்து வீட்டு முயல் கழுத்து திருகிக் கிடந்தபோதும் பூனை என்றான், அன்றைக்கும் ஆமாம் போட்டாள். பூனையைச் சாக்கில் கட்டி எங்கோ கொண்டுபோய் விட்டார்கள். இவன் சன்னலில் நின்று கையசைத்தான். அந்தக் கையசைப்பு இத்தனை வருஷம் எங்கே இருந்ததோ, இப்போது வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

அவன் போன பிறகு சட்டையைத் துவைக்கிற மாதிரி மனசைப் போட்டு அடித்துக்கொண்டாள். வக்கீலிடம் சொல்லலாம். அதிகாரியிடம் நேரே போகலாம். இரண்டு குதிரையும் மேஜையில் இருந்தன, அவையே சொல்லும். ஆனால் சொன்னால் அடுத்த நாள் தம்பி கம்பிக்குப் பின்னால். இடுப்பில் தூக்கித் திரிந்த பிள்ளை. அவள் நல்லவளாகத்தான் இருக்க நினைத்தாள், முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு செம்புக் கம்பியை எடுத்து, ஐந்து அங்குலமும் கொசுறுமாக வெட்டினாள்.

மூன்றாவது குதிரையின் குளம்பு நெற்றியில் போய்ச் சொன்னபடி உட்கார்ந்தது. முதல் இரண்டையும் சுத்தியலால் நொறுக்கிக் குப்பையில் போட்டாள்.

பெயிண்ட் அடிக்கத்தான் கை வரவில்லை. கறுப்பு பிரைமர், அதன்மேல் அடர்பழுப்பு, காய்ந்ததும் எண்ணெய் வர்ணத்தைப் பொட்டுப் பொட்டாக வைத்து உலர்ந்த பிரஷால் மயிர் போகிற போக்கில் இழுத்துவிட வேண்டும். விலாவில் வெளிச்சம், தொடையின் மடிப்பில் இருட்டு. நெற்றி வெள்ளை. எல்லாம் செய்தாள். கண்ணுக்கு வந்தபோது பல்குச்சி நுனியில் கறுப்பைத் தொட்டுவைத்து, ஓரத்தில் மயிரிழை அளவுக்கு வெள்ளை காட்டினாள். உதைக்கிற குதிரைக்குக் கோபக் கண் வேண்டும். அவளுக்கு வரவேயில்லை. நான்கு முறை துடைத்துத் துடைத்து வைத்தாள், நான்கு முறையும் அது பயந்துபோய் யாரையோ பார்த்தது. செய்யாத குற்றத்துக்குச் செத்த பிராணியை இரண்டாம் தடவையும் மாட்டிவிடுகிறோமே என்று அவளுக்கு அழுகை வந்தது.

"அடேங்கப்பா, கோவம் கண்ணுல தெறிக்குதும்மா!" என்றார் வக்கீல். மனுஷருக்கு அவ்வளவுதான் கண்.

விசாரணை இருபது நிமிஷத்தில் முடிந்தது. அதிகாரி மாதிரியைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், குளம்புக்கும் நெற்றிக்கும் நடுவில் பேனா முனையை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. "தத்ரூபமா இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பதிவேட்டை யாரும் பிரிக்கவில்லை. செத்தவரின் மனைவி மட்டும் கடைசி வரை அந்தச் சின்னக் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாடல்காரம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

நாலாம் நாள் காலை, தம்பி பெட்டி படுக்கையோடு வந்து நின்றான்.

"வேலைய விட்டுட்டேன்கா. இனிமே இங்கதான்."

"எத்தன நாளைக்குடா?" குரல் சாதாரணமாக வரவேண்டும் என்று பார்த்தாள். வரவில்லை.

அவன் பெட்டியை உள் அறையில் வைத்தான். பிறகு பட்டறை அறைக்குள் வந்து, அவளுடைய சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். ஸ்டீல் ஸ்கேல், கத்தி, சுத்தியல். சுத்தியலின் கனத்தைக் கையில் நிறுத்துப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தான். அவள் மேஜைக்கும் வாசலுக்கும் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். முகத்தில் அதே பாசம், சின்னப் பிள்ளையாக இருந்தபோது இருந்த அதே பாசம்.

"போலீஸ் பாத்தாங்க, வக்கீல் பாத்தாரு, அதிகாரி பாத்தாரு," என்றான். "அளந்து பாத்தது நீ ஒருத்திதான்கா. உன்னத் தனியா விட்டுட்டு நான் எங்க போவேன்?"