ஒன்பதாம் தலத்தில் மெர்சிலின்

1

வயிற்றெரிச்சலில் பிறந்த கதை இது, மறைப்பானேன். ஜமுனாமரத்தூரில் சந்தையன்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு ஃபிளெக்ஸ் கண்ணில் பட்டது. இடப்பக்கம் குண்டாக ஒரு பெண். வலப்பக்கம் காலிக் கட்டம். அதற்குள் 'விரைவில்' என்று எழுதியிருந்தது. மேலே, 'ஜவ்வாது மலை மூலிகைப் பொடி! உடல் எடை குறையும்! பக்கவிளைவே இல்லை!'

அந்தப் பெண் யாரென்று எனக்குத் தெரியாது. மெர்சிலின் என்று நானே பெயர் வைத்தேன்.

2

முதல் தொடக்கம்: 'மூடுபனி இறங்கிய ஒரு காலையில் மெர்சிலின் தன்' சீ! மூடுபனியாம். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: மெர்சிலின் அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவள். அவள் புருஷன் பிரவின்ராஜ்தான் பொடி வியாபாரி. அவளை ஒரு வார்த்தை கேட்காமல் ஃபிளெக்ஸில் ஏற்றிய மகராசனும் அவனே. இது இருக்கட்டும்.

"இன்னாங்க, என் மூஞ்சிய ஊரே பாத்து சிரிக்குது."

"சிரிக்கட்டும். பொண்டாட்டியே இப்பிடி இருந்தா எவன் என் பொடிய வாங்குவான்? ஈஸ்டருக்குள்ள எளைச்சுடு. அந்தக் காலிக் கட்டத்துக்கு இன்னொரு போட்டோ புடிக்கணும்."

"மாத்திர போட்டா வேளைக்குத் துன்னணும்னு டாக்டரம்மா சொன்னாங்களே."

"அட, இது செடி. செடி இன்னா பண்ணும்?"

(அரளியும் செடிதானே, ராஜா? இதை மெர்சிலின் கேட்கவில்லை. நானும் எத்தனையோ முறை எழுதிப் பார்த்தேன். வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். எனக்கு அவள்மீதும் கோபம்.)

3

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. அந்தச் செடியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே தேடிப் போய் வாங்குவீர்கள். நெல்லிவாசல் பக்கம் சாமை தீர்ந்துபோன மாதங்களில் பசி தெரியாமலிருக்க அதை மென்றார்களாம். இப்போது மூட்டை கட்டி ஜீப்பில் ஏற்றுகிறார்கள். ஏற்றிவிடும் தேவயானி என்னைக் கேட்டாள்:

"வாங்குறவங்க வூட்ல சோறு இருக்குதுங்களா? இருந்தா எதுக்கு இத துன்றாங்க?"

பல்லைக் காட்டிவிட்டு நகர்ந்தேன். (அவளும் நான் எழுதியவள்தான்.)

4

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது. மெர்சிலின் வருஷா வருஷம் ஒருசந்தி இருப்பாள், நாளுக்கு ஒருவேளைச் சோறுதான். மதியத்துக்குள் பசியில் கண் இருட்டும். இந்த வருஷம் பசியே இல்லை.

"ஆண்டவரு என் பசிய எடுத்துக்கினாரு, ஜூடி," என்று தங்கையிடம் பூரித்துப்போய்ச் சொன்னாள்.

ஆண்டவர் எங்கே எடுத்தார்? புருஷன் தினமும் கலக்கிக் கொடுத்த பொடி எடுத்தது. பசியில்லாததை அருள் என்று நம்பி, அந்த ஒருவேளைச் சோற்றையும் விட்டாள். டீக்குச் சர்க்கரையையும் விட்டாள். மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டாள். வெறும் வயிற்றில் அது அவள் ரத்தத்திலிருந்த சர்க்கரையை இறக்கிக்கொண்டே போனது.

பெரிய வெள்ளி. மலைச்சரிவில் சிலுவைப்பாதை; இயேசுவின் பாடுகளை நினைத்துப் பதினான்கு தலங்களில் நின்று நின்று ஜெபித்துப் போவார்கள். ஏழாம் தலத்திலேயே அவளுக்குக் கை நடுங்கியது, உடம்பெல்லாம் வியர்த்தது. ஒன்பதாம் தலத்தில், 'இயேசு மூன்றாம் முறை தரையில் விழுகிறார்' என்று மைக்கில் வாசித்து முடிக்கும்போது மெர்சிலின் விழுந்தாள்.

யாரும் தூக்கவில்லை.

"எங்கக்காவுக்கு இன்னா பக்தி பாரு!" என்று ஜூடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூட்டமே உருகிப்போய் முழந்தாளிட்டது. பிரவின்ராஜ் செல்போனை எடுத்தான். எளைச்சுதான் போயிருக்கா, படம் நல்லா வரும் என்று நினைத்தான். பாவி!

5

முடிவு ஒன்று: அவள் செத்துப்போகிறாள். எழுத மாட்டேன். அவனுடைய காலிக் கட்டத்தில் மாலை போட்ட படத்தை நானே மாட்டியதாகிவிடும்.

முடிவு இரண்டு: எழுந்து புருஷனைப் பளாரென்று அறைகிறாள். நீங்கள் கைதட்டுவீர்கள். எழுந்திருக்கவே முடியாதவள் எப்படி ஐயா அறைவாள்?

முடிவு மூன்று: கூட்டத்தில் ஒருவர்...

யார்? தவக்காலத்தில் இங்கே எவர் மடியிலும் மிட்டாய் இருக்காது. அவளுக்கு என்ன ஆயிற்று என்பதும் இவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும், ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது. அவள் கண் இன்னும் மூடவில்லை, உதடு அசைகிறது. அடுத்த தலத்துக்குப் பாட்டு ஆரம்பித்துவிட்டது, கூட்டம் நகரப் போகிறது. உங்கள் பையில் இனிப்பாக ஏதாவது இருக்கும், தேடுங்கள்.

என்னத்தை இன்னும் படித்துக்கொண்டு நிற்கிறீர்கள்? குனியுங்கள்.