நடுவில் நிற்கும் முள்

மஸ்கெலியாவுக்கு ஏறும் வழியில் வேனின் பொனட்டிலிருந்து ஆவி கிளம்பியபோதும், எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நட்டநடுவில்தான் நின்றது. அந்த ஆத்திரத்தோடுதான் ரஜனி ரிஸ்வியின் கராஜுக்கு வந்து சேர்ந்தாள்.

ரிஸ்வி ஸ்கேனரை மாட்டி எஞ்சினை ஓடவிட்டார். ஸ்கேனரில் தொண்ணூறு, தொண்ணூற்றெட்டு, நூற்று மூன்று என்று எண் ஏறியது. முள் அசையவேயில்லை.

"பொய் சொல்லுது நானா!"

"பொய்யில்ல தங்கச்சி. முள்ளு நேரா எஞ்சின்கிட்ட கேக்கிறதில்ல. கம்பியூட்டர் சொல்லித்தான் அதுக்குத் தெரியும். சூடு கொஞ்சம் ஏறி எறங்கினா ஓட்டுறவங்க பயந்துருவாங்கன்னு, நடுவுலயே நிக்கிற மாதிரி செஞ்சு வச்சிருக்காங்க. உண்மை வேணும்னா நம்பரைத்தான் கேக்கணும்."

ஓட்டுகிறவளிடமே மறைப்பதற்கு ஒரு முள்ளா என்று ரஜனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எஞ்சினை ஆறவிட்டு ரிஸ்வி ரேடியேட்டர் மூடியை மாற்றத் தொடங்கினார். அம்மா கொழுந்து பறிக்கும் தேயிலைத் தோட்டத்தில் சாயங்கால நிறுவை முடிந்திருக்கும் நேரம். ரஜனி அம்மாவுக்குப் போன் எடுத்தாள். எப்படி இருக்கீங்க என்று தினமும் கேட்பாள். "எனக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்று அம்மாவும் தினமும் ஒரே குரலில் சொல்வாள். இன்று ரஜனி அதைக் கேட்கவில்லை.

"அம்மா, இன்னைக்கு எத்தனை கிலோ கொழுந்து எடுத்தீங்க?"

அம்மா ஒருநாளும் இருபது கிலோவுக்குக் குறைவாக எடுத்ததில்லை.

"ஏழும்மா" என்றாள்.

ரிஸ்வி மூடியை இறுக்கி முடித்ததும், தோட்டத்துக்குப் போக ரஜனி வேன் சாவிக்காகக் கையை நீட்டினாள்.