பூச்சுக்குள் எட்டாம் தூண்

1

விசாரணை நடந்த அறையில் நால்வர். யன்னலோரம், கைபிடி வைத்த கதிரையில், வீட்டை வைத்திருக்கும் அறக்கட்டளையின் முகாமையாளர். அவருக்கு வலப்பக்கம், மடிக்கணினியோடு, பொறியியலாளர் சித்தார்த். கதவடியில், வாங்குப் பலகையில், தச்சர் யாக்கோபு. அவருடைய மகள் மெலனிக்குக் கதிரை போடவில்லை. மொழிபெயர்க்க வந்தவள்தானே, நின்றாள்.

நான் அங்கே இல்லை. மெலனி சொன்னதுதான் இது. யாக்கோபு அண்ணைக்காக ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன்; கோபத்தில் ஆறு பக்கம் தாண்டியது. கடிதத்துக்கு ஆகாதென்று வெட்டியதெல்லாம் இங்கே வந்து விழுந்திருக்கிறது.

2

முதல் தொடக்கம்: கிரான்பர்னுக்கு அப்பால், காலம் உறைந்துபோன ஓர் ஆங்கிலேயப் பண்ணைவீடு... (வெட்டியாயிற்று. ஒன்றும் உறையவில்லை. சனிக்கிழமைகளில் அங்கே கலியாணம்.)

இரண்டாம் தொடக்கம்: யாக்கோபு ஓர் அப்பாவி— (இதுவும் வேண்டாம். அவருக்கு வாய் நீளம்.)

நேராகவே சொல்கிறேன். நானூறு வருடத்து வீடு. இங்கிலாந்தில் கழற்றி, கப்பலில் ஏற்றி, இங்கே, நாங்கள் குடியேறிய இந்த நாட்டில், திரும்பப் பூட்டியது. அதைத் தாங்குவது சுவரல்ல, ஓக் மரச் சட்டம். தூணின் துளைக்குள் உத்தரத்தின் நாக்கு நுழையும். குறுக்கே மர ஆணி இறங்கும். ஒவ்வொரு பொருத்தும் தனித்தனியாகச் செதுக்கியது. மாற்றிப் போட்டால் பூட்டாது. அதனால் அன்றைய தச்சர்கள் பொருந்தும் இரண்டு மரத்திலும் ஒரே எண்ணை உளியால் வெட்டிவைத்தார்கள். ரோம எண்கள்தான், ஆனால் நாலுக்கு IV அல்ல, நாலு கோடு: IIII.

மேற்குச் சுவரில் உக்கிய அடிச்சட்டத்தை மாற்றப் பூச்சை உரித்தபோது, யாக்கோபுவுக்கு இந்த வெட்டுகள் மங்கலாகத் தெரிந்தன. மன்னாரில் வேலை பழகிய நாள் முதல் அவருக்கு ஒரு வழக்கம்: பழைய வெட்டைக் கண்டால், கரும்பலகையில் எழுதும் வெண்கட்டியைத் தேய்த்து நிரப்பிப் பார்ப்பார். நிரப்பினார். ஒன்றிலிருந்து ஏழுவரை பளிச்சென்று எழும்பிவந்தது. அவர் செய்த பிழை அவ்வளவுதான். மறுநாள் வந்த முகாமையாளர், யாக்கோபு தன் உளியால் புதிதாக வெட்டியிருக்கிறார் என்றார்.

3

"அப்பா, உங்களுக்கு நாலு ஒழுங்கா எழுதத் தெரியேல்லயாம். படிச்ச ஆள் இப்பிடி வெட்டமாட்டானாம்," என்று மெலனி மொழிபெயர்த்தாள்.

"அப்ப நானூறு வரியத்துக்கு முந்தி வெட்டினவனைக் கூப்பிட்டு, எந்தப் பள்ளிக்கூடமெண்டு கேக்கச் சொல்லு."

மெலனி முகாமையாளரைப் பார்த்து, "ஹீ டிஸக்ரீஸ்," என்றாள்.

சித்தார்த் தலையைத் தூக்காமல் தமிழில் சொன்னார்: "அண்ணே, ஒரு ஸாரி சொல்லிருங்க. மிச்சத்த நான் பேசிக்கிறேன்."

"செய்யாததுக்கு என்னெண்டு தம்பி மன்னிப்புக் கேக்கிறது? இது பழைய வெட்டெண்டு உமக்குத் தெரியாதே?"

"தெரியும்ணே."

"அதைச் சொல்லுமன்."

"என் கான்ட்ராக்ட் ரினியூவலுக்கு வந்திருக்குண்ணே."

(சித்தார்த்தைப் புரிந்துகொள்ளும் பத்தி ஒன்று இங்கே இருந்தது. வீட்டுக்கடன், இரண்டு பிள்ளைகள் என்று. கிழித்துவிட்டேன். இன்றைக்கு அவரைப் புரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை.)

வெள்ளிக்கிழமை யாக்கோபுவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். காரணம்: பழைமையான கட்டடத்துக்குச் சேதம் விளைவித்தது. இந்த ஒரு வரி போதும், இனி எந்தப் பழைய வீட்டுக்குள்ளும் அவரை விடமாட்டார்கள்.

4

முடிவு அ: சித்தார்த் எழுந்து உண்மையைச் சொல்கிறார். (எழுதும்போதே எனக்கு நம்பிக்கை வரவில்லை.)

முடிவு ஆ: யாக்கோபு மன்னிப்புக் கேட்கிறார். (வாசித்துக் காட்டினேன். "அதைக் கிழியும்," என்றார்.)

பிறகு அவரே சொன்னார்: "ஏழோட வீடு முடியேல்ல. எட்டாம் தூண் கிழக்கு மூலையில நிக்குது. அங்க நான் கையே வைக்கேல்ல, பூச்சு அப்பிடியே கிடக்கு. உடைச்சுப் பாக்கச் சொல்லி எழுதும்."

"உள்ளுக்க எட்டைக் கண்டனீங்களோ அண்ணை?"

"காணேல்ல. இருக்கும்."

5

ஆறு பக்கம் அரைப் பக்கமாயிற்று. அறக்கட்டளைத் தலைவருக்கு, சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் படித்த ஒழுங்கில்: நடந்தது, கேட்பது, திகதி. கேட்பது ஒன்றே. எங்கள் கண்முன்னே எட்டாம் தூணின் பூச்சில் ஒரு சதுர அடியை அகற்றுங்கள். அங்கே வெட்டு இல்லையென்றால் யாக்கோபு குற்றத்தை ஏற்பார். கடைசி வரி அவருடையது. இரண்டு தரம் அதைக் கோடிட்டு அடித்தேன். இரண்டு தரமும் திரும்ப எழுதவைத்தார்.

பூச்சுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. கதை எழுதுகிறவனுக்கு எட்டை அங்கே வெட்டிவைக்க ஒரு வரி போதும். வெட்டமாட்டேன். அவர்மேல் சுமத்தியிருக்கும் குற்றமே அதுதானே? வேண்டுமென்றால் நீங்கள் உடைத்துப் பாருங்கள்.

யாக்கோபு கையொப்பமிட்டார். மெலனி உறையை ஒட்டி, விளிம்பை நகத்தால் இரண்டு தரம் அழுத்தினாள். காலை பத்து இருபதுக்குப் பதிவுத் தபாலில் சேர்த்தேன்.